நூர்பானு கண் மூடும் வேகம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான்தான். ஆகவே பிறப்பைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எலியேசர் போன மாதம் இராஜபாளையத்துக்கு என் வீடு தேடி வந்தார். எங்கள் வட்டாரப் படப்பிடிப்பாளர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சங்கத்தின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கத்தில் கட்டுரை வேண்டும் என்றார். தலைப்பைக் கையோடு எழுதிக் கொண்டுவந்திருந்தார்: 'புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் வாங்க வேண்டியது ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரா, ஆரம்பநிலை மிரர்லெஸ்ஸா?'

"நம்ம ஆளுக நல்லாப் படம் எடுப்பாங்க அண்ணாச்சி. எழுதச் சொன்னா ஓடிருதாங்க. ஒங்களுக்குக் கேமரா பழக்கம் உண்டுல்லா?"

"உண்டு" என்றேன்.

எனக்கும் கேமராவுக்கும் இருந்த பழக்கம், ரேஷன் அட்டைக்கு ஒருமுறையும் ஓய்வூதியத்துக்கு ஒருமுறையும் அதன் முன்னால் உட்கார்ந்தது மட்டும். ஆனால் முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். புறப்படாத பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். 'உண்டு' தானாக வந்துவிட்டது.

இனிமேல் இதில் பொய் கிடையாது. [இந்த வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.]

2

கட்டுரைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம் இது:

'டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே ஒரு கண்ணாடி வைத்த கேமரா. மிரர்லெஸ் என்பது அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்ட கேமரா. ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கண்ணாடி.'

படித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பக்கம் கேட்டவருக்கு இரண்டே முக்கால் வரி கொடுக்க முடியாது.

இரண்டாவது தொடக்கம்: 'மனிதன் குகையில் வாழ்ந்த காலந்தொட்டே தன் உருவத்தை' — குகையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது: 'நூர்பானு கண்ணை மூடிக்கொண்டாள்.'

இதை நான் எழுதியிருக்கக் கூடாது. கேமரா வாங்குவதைப் பற்றிய கட்டுரையில் நூர்பானுவுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனால் எழுதும் மேசையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டு வாசல் தெரியும். அங்கே அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்படித்தான் கட்டுரைக்குள் வந்து உட்கார்ந்தாள். எழுப்பிவிட எனக்குத் தைரியம் இல்லை.

3

எதிர்வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நூர்பானுவுக்கு வயது ஐம்பத்திரண்டு. எனக்குத் தங்கச்சி முறை என்பதால் 'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் 'வாங்க, போங்க'தான். அவள் கணவர் முத்து முகம்மது கடைத்தெருவில் பூட்டும் குடையும் டார்ச் லைட்டும் விற்கிறார். ஒரே மகள் ஷிஃபா, கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பேருந்தில் போய்வந்து பொறியியல் படித்தவள். ஆறு மாதத்துக்கு முன் நஸ்ருதீனுக்கு நிக்காஹ் முடித்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. ஷிஃபாவுக்கு விசா வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பயணம்.

போகும் முன் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: அம்மா கண்ணைத் திறந்துகொண்டிருக்கும் ஒரு போட்டோ.

இதிலென்ன கஷ்டம் என்று கேட்பவர் நூர்பானுவை அறியாதவர். அவள் பிறந்ததிலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் அவள் கண் திறந்திருந்ததில்லை. நிக்காஹ் படம், மகளைக் கையில் ஏந்திய படம், மகளின் நிக்காஹ் படம், எல்லாவற்றிலும் மூடியிருக்கிறது. கேமரா 'டக்' என்றால் இமை விழுந்துவிடும். ஆதார் எடுத்த இடத்தில் கேமராவுக்குச் சத்தம் இல்லை; எடுத்தவர் மவுஸைத் தட்டினார், அது போதுமாயிருந்தது. ஏழாவது தடவை அவர் மவுஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு தட்டினார். அந்த அட்டையில் இருப்பதைக் கண் என்று சொல்ல மாட்டேன். அங்கே கண் இருந்ததற்கான தடயம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.*

* வேகத்தை நானே அளந்தேன். பேருந்து நிலையத்திலிருந்து ஓய்வு பெறும்போது என்னோடு ஓய்வு பெற்ற கடிகாரம் ஒன்று உண்டு. அதில் நொடிமுள் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போவதற்குள் நூர்பானு நான்கு முறை மூடித் திறந்து, "என்ன அண்ணாச்சி பாக்கிய?" என்று கேட்டும் முடித்திருந்தாள்.

கேமரா மட்டுமில்லை. கேஸ் லைட்டர், சுவிட்சு, பேனா மூடி, எதுவாக இருந்தாலும் சரி. முத்து முகம்மது மதியத் தொழுகைக்குப் போகும்போது கடையை இவள்தான் பார்த்துக்கொள்வாள். வருகிறவர் பூட்டைப் பூட்டித் திறந்து சோதிக்காமல் வாங்குவாரா? சனிக்கிழமை மதியங்களில் அவள் கண் திறந்திருந்த நேரத்தை விட மூடியிருந்த நேரமே அதிகம். இருபது வருடத்தில் ஒரு பூட்டும் களவு போனதில்லை. அம்மா துஆ செய்கிறார்கள் என்று நினைத்து வாடிக்கையாளர்கள் கைகட்டி நின்றார்கள்.

காரணம் என்ன என்று அவளிடமே கேட்டேன்.

"அவிய ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுத்தான எடுக்காக? அவியளே ஒண்ண மூடும்போது நாம ரெண்டையும் மூடுறதுதான் மரியாத."

இதற்கு மேல் ஆராய்ச்சிக்கு இடமில்லை.

போனில் எடுக்கலாமே என்பீர்கள். ஷிஃபா எடுத்துப் பார்த்தாள். போன் என்றால் நூர்பானு கட்டைவிரலைக் கவனித்துக்கொள்வாள். ஒளிந்திருந்து எடுக்கலாமே என்பீர்கள். அதற்கும் ஒருநாள் முயன்றாள், பிடிபட்டாள். "சொல்லாம எடுத்தா அது போட்டோ இல்லட்டி, களவு" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடியோவில் பேசலாம்தான், பேசி முடித்ததும் அணைந்துவிடும், சுவரில் நிற்காது. ஷிஃபாவுக்கு வேண்டியது, எடுக்கிறார்கள் என்று தெரிந்து, சம்மதித்து, கண்ணைத் திறந்து அம்மா உட்கார்ந்திருக்கும் படம்.

4

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் புரிந்துகொண்ட அன்று நான் மதியம் சாப்பிடாமல் வியந்துகொண்டிருந்தேன்.

டிஎஸ்எல்ஆரின் குழியில் கண்ணை வைத்தால் தெரிவது படமல்ல, வெளிச்சமேதான். எதிரே இருப்பவர் முகத்தில் பட்ட வெளிச்சம் லென்ஸ் வழியாக வந்து, உள்ளே சாய்வாக நிற்கும் கண்ணாடியில் பட்டு, மேலே ஏறி, திரும்பி, உங்கள் கண்ணுக்குள் போகிறது. வெளிச்சம் தானாக நடந்து வருவதால் பேட்டரிக்கு அதிக வேலை இல்லை. ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு கல்யாணத்தை முழுதாக முடித்துவிட்டு மறுவீட்டு விருந்தையும் பார்த்துவிடலாம் என்று எலியேசர் சொல்கிறார்.

பொத்தானை அழுத்தினால் அந்தக் கண்ணாடி மேலே தாவுகிறது. அதுதான் முதல் சத்தம். அது விலகிய வழியில் வெளிச்சம் பின்னால் படத்தைப் பதிக்கும் சென்சாரில் போய் விழுகிறது. கண்ணாடி திரும்ப இறங்குகிறது. கண்ணாடி மேலே இருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் எடுக்கிறவருக்குக் குழியில் ஒன்றும் தெரியாது, வெறும் இருட்டு. கண்ணாடி தாவிய சத்தத்துக்கும் படம் பதிவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. வேறு யாருக்கும் அது இடைவெளியே அல்ல. நூர்பானுவின் இமைக்கு அது தாராளம்.

ஆக, டிஎஸ்எல்ஆரில் நூர்பானுவைப் படம் எடுக்கும் கணத்தில் எடுக்கிறவரும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. கேமரா தனியாக இருந்து வேலையை முடிக்கிறது. இப்படி ஒரு நம்பிக்கையில் தொழில் நடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மிரர்லெஸ்ஸில் கண்ணாடி கிடையாது. வெளிச்சம் நேராகச் சென்சாருக்குப் போகிறது. குழியில் தெரிவது ஒரு குட்டித் தொலைக்காட்சி. எடுக்கப்போகும் படம் எவ்வளவு வெளிச்சமாக வரும், எவ்வளவு இருட்டாக வரும் என்பதை அழுத்துவதற்கு முன்பே காட்டிவிடும். அந்தத் தொலைக்காட்சி ஓட வேண்டியிருப்பதால் பேட்டரியைக் குடிக்கும். ஆனால் எடை பாதி. வேண்டுமென்றால் அதை முழு ஊமையாக்கிவிடலாம்.

கதை எழுதுகிறவர்களும் இப்படி இரண்டு வகை என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் அடித்துவிட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை எலியேசர் டிஎஸ்எல்ஆருடன் எதிர்வீட்டுக்கு வந்தார். கட்டுரைக்கு ஆராய்ச்சி என்று சொல்லி நான்தான் அழைத்திருந்தேன். பதினொரு வருடமாக அவரிடம் இருக்கும் கேமரா அது; விரல் பட்ட இடமெல்லாம் எழுத்து அழிந்திருந்தது. அதைப் பையிலிருந்து எடுத்த விதத்தைப் பார்த்தால், அது அழப்போகிறதோ என்று நமக்கே தோன்றும்.

"அக்கா, கேமராவப் பாக்காதீங்க. என்னயப் பாருங்க."

"ஒங்கள எங்க பாக்க தம்பி? மூஞ்சியத்தான் கேமரா மறைச்சிருக்கே."

டக். மூடியிருந்தது.

"நான் மூணு எண்ணுவேன். ரெண்டு சொல்லும்போதே எடுத்துருவேன்" என்று ரகசியத்தை எனக்குச் சொல்வதாக நினைத்துச் சத்தமாகச் சொன்னார். டக். மூடியிருந்தது. பிறகு விடாமல் தொடர்ந்து எடுக்கும் முறைக்கு மாற்றினார். நொடிக்கு மூன்று படம். நூர்பானு நொடிக்கு மூன்று முறை மூடினாள். ஒன்றைக் கூடத் தவறவிடவில்லை.

"காதுல பஞ்சு வைப்போமா?" என்றார் முத்து முகம்மது.

வைத்தார்கள். இப்போது அவள் எலியேசரின் விரலைப் பார்த்து மூடினாள். விரலைத் துண்டால் மறைத்தார். துண்டைப் பார்த்து மூடினாள். காதில் பஞ்சு இருந்ததால் எல்லோரும் அவளிடம் கத்திப் பேச, அவளும் கத்திப் பதில் சொல்ல, தெருவிலிருந்து இரண்டு பேர் சமாதானம் செய்துவைக்க உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்ததும் நூர்பானுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எலியேசர் சும்மா இருப்பாரா? டக்.

நூற்றுப் பன்னிரண்டு படம். அந்தச் சிரிப்பு எழுபத்தொன்றாவது. கேமராவின் பின்பக்கத் திரையில் எல்லோரும் குனிந்து பார்த்தோம். கண் மூடியிருந்தது. தலை ஒருபக்கமாகச் சாய்ந்து, உள்ளே யாரோ ரகசியமாக வேடிக்கை சொல்லிக்கொண்டிருப்பது போல, முகம் முழுக்கச் சிரிப்பு. நெற்றி, கன்னம், மூக்குத்தி எல்லாம் சிரித்தது.

"படம்னா இதுதான் அண்ணாச்சி" என்றார் எலியேசர்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றாள் ஷிஃபா. "கண்ணு?"

எலியேசர் கேமராவை மெதுவாகப் பைக்குள் வைத்தார். பேட்டரியில் இன்னும் எண்பது சதவீதம் இருந்தது. அதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

6

அடுத்து வரப்போகும் சுமையாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். சொந்தத்தில் நூர்பானுவை 'சாச்சி', அதாவது சின்னம்மா, என்று கூப்பிடும் முறை, தளவாய்புரத்தில் இருக்கிறாள். நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் படம் எடுக்கிறாள். கையில் ஒரு மிரர்லெஸ். இவளுக்கும் எலியேசருக்கும் ஒரு பகையை வைத்தால் கதை விறுவிறு என்று போகும் என்று பார்த்தேன். 'எலியேசர் பல்லைக் கடித்துக்கொண்டு, உன்னை இந்தத் தொழிலிலிருந்தே' என்று ஒரு வாக்கியம் கூடத் தொடங்கினேன். நடக்கவில்லை. அவருடைய ஃப்ளாஷ் இவளிடம் இருக்கிறது. இவளுடைய மெமரி கார்டு அவரிடம் இருக்கிறது. சுமையாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னதே எலியேசர்தான். "என் கேமராவால முடியல தாயி. ஒன்னோடத எடுத்துட்டு வா" என்று சொன்னவரை வைத்துக்கொண்டு நான் எங்கே போய்ப் பகை தேட?

சுமையாவின் கேமராவை முதலில் பார்த்தபோது சோப்புப் பெட்டி என்று நினைத்தேன். பெண்கள் பகுதியில் அதுதான் அதன் பலம், யாரும் மிரள்வதில்லை. அவளுக்கு வந்த தொல்லை வேறு. ஆரம்பத்தில் சத்தத்தை அணைத்து எடுத்தாள். எங்கள் பக்கத்து ஆட்கள் 'டக்' கேட்டால்தான் மூச்சை விடுவார்கள், கையை இறக்குவார்கள், மேடையை விட்டு இறங்குவார்கள். சத்தம் வராததால் தளவாய்புரத்தில் ஒரு குடும்பம் மேடையிலேயே நின்றுவிட்டது. முதல் பந்தி முடிந்தது. இரண்டாம் பந்தியில் பிரியாணி தீர்ந்தது. பெரியம்மா ஒருத்தி சிரித்த வாயை மூடாமலே வீட்டுக்குப் போனதாகவும், வியாழக்கிழமை யாரோ பக்கத்தில் குக்கர் மூடியைத் தட்டியபோதுதான் மூடியதாகவும் சுமையா சொன்னாள்.* அதிலிருந்து அவள் சத்தத்தைப் போட்டுக்கொண்டுதான் எடுக்கிறாள்.

* சுமையா செவ்வாய்க்கிழமை என்றுதான் சொன்னாள். வியாழக்கிழமை ஆக்கியது நான்.

7

திங்கட்கிழமை மதியம் சுமையா வந்தாள். நூர்பானுவுக்காகச் சத்தத்தை மறுபடி அணைத்துவிட்டு, முதலில் வீட்டுக்குள் எடுத்துப் பார்த்தாள். சத்தத்தை அணைத்த முறையில் எல்ஈடி விளக்கின் கீழ் எடுத்தால் படத்தில் கோடு கோடாக விழுமாம். விழுந்தது. நூர்பானு வரிக்குதிரை போல இருந்தாள். "இது ஒண்ணுதான் இதுல சங்கடம்" என்று கேமராவைத் தட்டிக்கொடுத்துவிட்டு எல்லோரையும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள்.

மாடியில் தெளிவான வெயில். நூர்பானு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தயாரானாள். சுமையா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்து, அதன் திரையை மேலே மடக்கி, குனிந்து பார்த்தாள். விரலால் திரையை லேசாகத் தொட்டால் போதும், எடுத்துவிடும். கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, எதிரே இருப்பவருக்கு விரலும் தெரியாது. திரையில் நூர்பானுவின் கண்மேல் ஒரு சின்னக் கட்டம் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் தலை எங்கே திரும்பினாலும் கட்டமும் திரும்பியது. ஒரு காகம் வந்து அவள் தலையில் உட்கார்ந்தபோது மட்டும் கட்டம் காகத்தின் கண்ணுக்குப் போய், தவறு என்று உணர்ந்து திரும்பி வந்தது. [காகம் தலையில் உட்காரவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. கட்டம் போய் வந்தது உண்மை.]

"ஏட்டி சுமையா, எடுக்கப் போறியா இல்லியா?"

"செத்த நேரம் சாச்சி."

"கேமராவுல உசுரு இருக்கா? சத்தத்தையே காணும்."

"வரும், வரும். கண்ண மூடாமப் பாருங்க."

"சத்தம் வரட்டும், மூடுதேன்."

பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. டீ வந்தது, நூர்பானு முகத்தைத் திருப்பாமல் டீயைக் குடித்தாள். சுமையா ஊர் வம்பெல்லாம் பேசினாள், நடுநடுவே விரல் திரையைத் தொட்டது. நூர்பானுவின் கண் திறந்தே இருந்தது. எப்போது வரும் என்று கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற எனக்குத் திரை தெரிந்தது. ஒன்று மாற்றி ஒன்றாக, ஐம்பத்திரண்டு வருடத்தில் யாரும் படத்தில் பார்க்காதது வந்து விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சோப்புப் பெட்டியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

முத்து முகம்மதுவுக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், மனைவி நாற்பது நிமிடமாக வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள், மகள் முறைக்காரியின் கேமரா பழுதாகி நிற்கிறது, பாவம், வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிறாள். உதவி செய்யாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

வாயைக் குவித்து, கணீரென்று, "டக்" என்றார்.

நூர்பானு கண்ணை மூடினாள். "அப்பாடி" என்று எழுந்து முக்காட்டை உதறிவிட்டுக் கீழே போனாள்.

"என்னா சுமையா, விழுந்துச்சா?" என்று பெருமையாகக் கேட்டார் முத்து முகம்மது.

"விழுந்துருச்சு சாச்சா. நீங்க இல்லன்னா இன்னும் உக்காந்திருப்பாக."

8

ஆண்டு மலர் அச்சுக்குப் போய்விட்டது. என் கட்டுரை அதில் இல்லை. எதை வாங்கலாம் என்ற முடிவு வராததால் எலியேசர் அந்த இரண்டு பக்கத்தையும் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டார். "முடிவு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுத்திருக்கலாம்லா" என்று கேட்டார். நான் பேருந்து நிலையத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஆகவே நீங்கள் படித்துக்கொண்டிருப்பது இப்போது கட்டுரை அல்ல. கதை என்று சொல்ல வேறு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

புதன்கிழமை எலியேசர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு பெரிய பிரிண்டுகளோடு வந்தார். ஒன்று அவருடைய எழுபத்தொன்று. மற்றது சுமையா எடுத்தது. ஒரே அளவு, ஒரே தாள். தன்னுடையதை விட சுமையாவுடையதற்குத்தான் அதிக நேரம் நிறம் பார்த்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

ஷிஃபா இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நூர்பானு அடுப்படியில் இருந்தாள். ஷிஃபா கண் திறந்த படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"மாமா, எங்கம்மா இப்பிடியா இருக்கும்?"

"ஒங்கம்மாதான."

"அம்மாதான். ஆனா இந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல."

நானும் பார்த்தேன். நல்ல படம். கண் பெரிதாக, தெளிவாக, ஏதோ ஒன்று வரவேண்டியதை எதிர்பார்த்து நின்றது. வராதோ என்ற பயம் இல்லை. வந்துவிட்டது என்ற நிம்மதியும் இல்லை. எனக்கு இந்த முகம் பழக்கம். நான்கு வருடம் தினமும் சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

"நீ காலேஜ் விட்டு வரும்போது ஒங்கம்மா வாசல்ல நிக்கும்லா?"

"ஆமா. பஸ்ஸ விட்டு எறங்குனா சிரிச்சுக்கிட்டு நிக்கும்."

"அது பஸ் வந்த பொறவு."

"வாரதுக்கு முன்னால?"

நான் அவள் கையிலிருந்த படத்தைக் காட்டினேன்.

ஷிஃபா இல்லாதபோது மட்டும் இருக்கிற முகம் அது. அவள் வந்ததும் மாறிவிடுகிற முகம். அதை அவள் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

எங்கள் பேச்சு காதில் விழுந்ததோ என்னவோ, அடுப்படியிலிருந்து நூர்பானு வந்தாள். இரண்டு படத்தையும் பார்த்தாள். "இவ்வளவு பெரிய கண்ணா எனக்கு?" என்று கேட்டுவிட்டு, "எதட்டி எடுத்துட்டுப் போற?" என்றாள்.

இரண்டையும் எடுத்துப்போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். மஸ்கட்டில் நஸ்ருதீன் பிடித்திருப்பது ஒற்றை அறை வீடு. சுவரில் ஒரே ஒரு ஆணிதான் அடிக்கலாம் என்று வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறாராம். போனில் நூற்றுக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆணி ஒன்று.

"யோசிக்கணும்மா" என்றாள் ஷிஃபா.

9

முடிவு அ: ஷிஃபா எலியேசரின் படத்தை எடுத்துப் போனாள். மஸ்கட்டில் அந்த ஒற்றை அறைச் சுவரில் நூர்பானு எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கண் மூடியிருப்பதால், மகளும் மருமகனும் சண்டை போட்டாலும் அவளுக்குத் தெரியாது. எல்லோருக்கும் சௌகரியம். [இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆகவே நம்ப வேண்டாம்.]

முடிவு ஆ: சுமையாவின் படத்தை எடுத்துப் போனாள். வெளியே போய்விட்டுத் திரும்பிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எதிர்ச்சுவரில் ஒருத்தி காத்துக்கொண்டு நிற்கிறாள். ஒருநாள் பார்க்கலாம். இரண்டு நாள் பார்க்கலாம். மூன்றாம் நாள் அந்தப் பெண் —

முடிவு இ: நஸ்ருதீன் துணிந்து இரண்டாவது ஆணியை அடிக்கிறான். அந்த நாட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கு ஆபத்து வரவழைக்க விருப்பமில்லை. அடித்துவிட்டேன், ஆணியை அல்ல, முடிவை.

நடந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை ஷிஃபா கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி கட்டினாள். ஒரு படத்தைத் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். மற்றதைக் காக்கி உறையில் போட்டு பீரோவின் மேல் வைத்தாள். எது எது என்று யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் முத்து முகம்மது கார் அமர்த்தி அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார். நூர்பானு வாசலில் நின்று கை காட்டினாள்.

மறுநாள் அந்த உறையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, இத ஒங்க வீட்டுல வச்சுக்கிடுங்க."

"பிரிச்சுப் பாத்தீகளா?"

"இல்ல. அங்க இருந்தா பாத்துருவேன். அதான் கொண்டாந்தேன்."

"பாத்தா என்ன?"

நூர்பானு நாற்காலியில் உட்கார்ந்தாள். உறையை மடியில் வைத்து ஓரத்தை நீவினாள்.

"மூடுனது இங்க கெடந்தா, தொறந்தத எடுத்துட்டுப் போயிருக்கா. தெனமும் நான் காத்துக்கிட்டு நிக்கிறதப் பாத்தா பிள்ளைக்குச் சோறு எறங்குமா?"

"சரி. தொறந்தது இங்க இருந்தா?"

தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தொறந்தது இங்க இருந்தா, அத விட்டுட்டுப் போயிருக்கா அண்ணாச்சி."

எழுந்து போய்விட்டாள்.

10

உறை என் மேசைமேல் இருக்கிறது. ஒட்டவில்லை, மடித்து மட்டும் விட்டிருக்கிறது. காலையிலிருந்து நான்கு தடவை 'உறைக்குள் இருந்தது' என்று எழுதிவிட்டு, நான்கு தடவையும் பேனாவை வைத்துவிட்டேன். எழுபத்து மூன்று வயது வரை ஒன்றையும் மறைத்து வைத்துப் பழகாதவன் நான். சாயங்காலம் வரை தாங்குவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அதனால் உங்களிடம் தந்துவிடுகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிப்பதானால் பிரியுங்கள், தடுக்க மாட்டேன். ஒரே நிபந்தனை: பிரித்தவர் எங்கள் தெரு வழியாகத்தான் திரும்பிப் போகவேண்டும், வேறு வழி கிடையாது. நூர்பானு வாசலில் இருப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள்.